புதிதாக வந்த இரண்டு கினி பிக்: மூலையை விட்டு அசைவதே இல்லை, என்ன செய்யலாம்?

தாரணி_கோவை

வணக்கம். மகனின் நச்சரிப்பு தாங்காமல் போன வாரக் கடைசியில் ஒரு ஜோடி கினி பிக் வாங்கி வந்தோம். ஒன்று பழுப்பும் வெள்ளையும் கலந்தது, மற்றது முழு வெள்ளை. இரண்டுமே பெண், நாலு மாதம் ஆகிறது என்று கடையில் சொன்னார்கள். கூடவே ஒரு கம்பிக் கூண்டும் ஒரு பொட்டலம் முயல் தீவனமும் கொடுத்தார்கள். கேரட், முட்டைக்கோஸ் போட்டால் போதும், தண்ணீர்கூட அவ்வளவாகக் குடிக்காது என்றார்கள்.

வந்ததிலிருந்து கூண்டின் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. குக்கர் விசில் அடித்தால் சிலையாகிவிடுகின்றன. நான் பக்கத்தில் போனால் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை. பகலில் எதையும் தொடுவதில்லை, விளக்கை அணைத்த பிறகுதான் கொறிக்கும் சத்தம் கேட்கிறது. பழுப்பு மட்டும் அவ்வப்போது டர்ர்ர் என்று அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி வெள்ளையைச் சுற்றி வருகிறது. சண்டையா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெள்ளை குனிந்து தன் பின்பக்கத்திலிருந்து எதையோ வாயால் எடுத்து மென்றது. "அம்மா, அது கக்காவைச் சாப்பிடுது" என்று மகன் வீட்டையே கூட்டிவிட்டான்.

உடம்பு சரியில்லையா, பயமா, எங்களைப் பிடிக்கவில்லையா? எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

அரைக்கிலோ

கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். இன்னும் பிடிக்கவில்லை. கொத்தமல்லிக் கட்டோடு போங்கள், பிடிக்கும்.

பழைய_கூண்டு

தாரணி, பதற வேண்டாம். நீங்கள் எழுதியதில் பாதி, கினி பிக் கினி பிக்காக இருப்பதுதான். மீதிப் பாதியில் இரண்டு விஷயம் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் பயம். இது வேட்டையாடப்படும் பிராணி. பருந்துக்கும் நரிக்கும் இரையாகி வந்த இனத்துக்கு, அசையாமல் இருப்பதுதான் தற்காப்பு. ஓட இடம் இருந்தால் ஓடும், இல்லையென்றால் உறைந்துவிடும். உங்கள் கூண்டில் ஒளிந்துகொள்ள ஒன்றுமே இல்லை போலத் தெரிகிறது. அதனால்தான் மூலை. இன்றைக்கே இரண்டு அட்டைப் பெட்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல் வெட்டி உள்ளே வையுங்கள். ஒரே வாசல் வைத்தால் ஒன்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு மற்றதை உள்ளே விடாது, அல்லது உள்ளேயே மடக்கிவிடும். பெட்டி வைத்தால் இன்னும் ஒளிந்துகொள்ளுமே என்று நினைப்பீர்கள். நடப்பது நேர்மாறாக இருக்கும். ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வெளியே வரவே துணியும்.

கூண்டைச் சமையலறைப் பக்கம் வைத்திருந்தால் மாற்றுங்கள். கூடத்தில் இரண்டு பக்கம் சுவர் அணைத்த மாதிரி, டிவிக்கு நேரே இல்லாமல் வையுங்கள். ஒதுக்கிப் பூட்டிய அறையும் வேண்டாம், மனிதர்களின் குரலும் நடையும் பழக வேண்டும். கண்ணைச் சிமிட்டவில்லை என்றீர்கள், அது சாதாரணம்தான். பல நேரம் கண்ணைத் திறந்தபடியே தூங்கும், அதுவும் துண்டு துண்டாக. விடியலிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பு.

பின்பக்கத்திலிருந்து தின்றதும் நோய் இல்லை. அது மாமூலான புழுக்கை அல்ல. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் புல் நொதித்து, வைட்டமினும் புரதமுமாக மென்மையாக வெளிவருவதை அது இரண்டாம் முறை சாப்பிடுகிறது. முயலும் அப்படித்தான். தடுக்கக் கூடாது. மகனிடம் மாடு அசைபோடுவதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

இப்போது கவலைப் பட்டியல். ஒன்று, தீவனம். இரண்டு, அந்த உறுமல். கம்பித் தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாகிவிட்டது. கம்பி பாதத்தை அறுக்கும், புண்ணாகி வீங்கும், ஆற மாதக்கணக்காகும். மேலே தடித்த துணி விரித்துவிடுங்கள். உறுமலைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் சந்தேகப்படுவதையே அவர்களும் சொல்கிறார்களா பார்ப்போம்.

கால்நடை_நிலா

நான் கால்நடை மருத்துவர், சிறு பிராணிகள்தான் அதிகம் பார்க்கிறேன். பழைய கூண்டு சந்தேகப்படுவதையே நானும் சந்தேகப்படுகிறேன். அடித்தொண்டை உறுமலும் இடுப்பாட்டமும் ஆண் பெண்ணைச் சுற்றும்போது செய்வது. சூட்டில் இருக்கும், அதாவது இணைசேரத் தயாரான பெண்ணும் செய்யும், இரண்டு பெண்களில் யார் பெரியவள் என்று தீர்மானிக்கும்போதும் நடக்கும். ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, காட்டித்தான் ஆக வேண்டும். இந்த வயதில் ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் விற்பது சகஜம். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், பெண் நான்கைந்து வாரத்தில். உங்களுடையது நாலு மாதம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சண்டையா என்று கேட்டீர்கள். சண்டைக்கு வேறு அடையாளம் உண்டு. பற்களை நறநறவென்று விடாமல் தட்டும், கழுத்து முடி சிலிர்க்கும், வாயைப் பெரிதாகக் கொட்டாவி போலத் திறந்து காட்டும், பிறகு பாயும். பல் தட்டினால் கையை நடுவில் விடாதீர்கள், ஆழமாகக் கடித்துவிடும். ஒரு துண்டையோ அட்டையையோ குறுக்கே போடுங்கள்.

பயத்தைவிட முக்கியமான ஒன்று. பயம் வாரக்கணக்கில் இருந்தாலும் பரவாயில்லை, வயிறு காத்திருக்காது. கினி பிக்கின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அது அவசரம். புழுக்கை சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கை குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. உங்களுடையவை இரவில் சாப்பிடுகின்றன, அது நல்ல செய்தி. ஆனால் இரண்டுமே சாப்பிடுகின்றனவா என்பது தெரியாது. சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து, ஒவ்வொன்றையும் உட்காரவைத்து எடை குறித்து வையுங்கள். முதலில் ஓரிரு நாளுக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. நோயை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரப் பிராணி இது, தராசு மட்டும்தான் மறைக்காது.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை "சின்ன டோஸ்தானே" என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் இறந்துவிடும். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் போனாலும் இதை நீங்களாக ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

தாரணி_கோவை

நன்றி, நன்றி. பெட்டி வைத்தாயிற்று. பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துத் தரையில் விரித்தேன். எடை: பழுப்பு 610 கிராம், வெள்ளை 690. தீவனத்தில் என்ன கோளாறு என்று யாரும் சொல்லவில்லையே? முயல் தீவனம் ஆகாதா?

அரைக்கிலோ

முயல் சாப்பிட்டால் ஆகும்.

கால்நடை_நிலா

அரைக்கிலோ சொன்னதில் விஷயம் இருக்கிறது. முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், கினி பிக்குக்கும் நமக்கும் அது முடியாது. முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை, அதனால் சேர்ப்பதும் இல்லை. 1907ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் கொடுத்து வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல, வைட்டமின் சி இல்லாமல் கப்பல்காரர்களுக்கு வந்துகொண்டிருந்த ஸ்கர்வி. கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தை மட்டும் நம்பினால் நீங்களும் அதே பரிசோதனையைத்தான் வீட்டில் செய்வீர்கள். மூட்டு வலித்து நடக்கத் தயங்கும், தூக்கினால் கத்தும், முடி சொரசொரப்பாகும், ஈறில் ரத்தம் வரும்.

ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. சினையாக இருந்தால் மேல் எல்லைக்கும் கூட. பச்சைக் குடைமிளகாய் 100 கிராமில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கிறது, அதனால் விரல் நீளத்தில் இரண்டு துண்டு ஒன்றுக்குப் போதும். கொத்தமல்லியும் கொடுக்கலாம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும் சர்க்கரையும் இருக்கிறது, எப்போதாவது ஒரு சிறு துண்டு. தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வேண்டாம். வெளிச்சம் பட்டுச் சத்து போய்விடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும். தண்ணீர் தேவையில்லை என்றது தவறான பேச்சு, எந்நேரமும் இருக்க வேண்டும்.

புல்வெட்டி_நாமக்கல்

காய்கறி பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், புல்லை விட்டுவிட்டீர்கள். இதன் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்தான். பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். கேரட்டைக் கடித்தால் தேயும் என்று நினைக்கிறார்கள், அது முன்பல்லுக்கு மட்டும் கொஞ்சம். கடைவாய்ப் பல் தேயாமல் வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். பசி இருந்தும் விழுங்க முடியாமல் நிற்கும்.

டிமோத்தி புல் கிடைத்தால் வாங்குங்கள், இறக்குமதி, விலை அதிகம். நம் ஊரில் அருகம்புல் அருமையாக ஒத்துப்போகும். ஆனால் சாலையோரம் பறிக்காதீர்கள், நாய் மூத்திரம், மருந்து அடித்த வயல் ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். நன்றாகக் கழுவி, நிழலில் காயவைத்தும் சேமிக்கலாம். வெயிலில் போட்டால் வெளுத்துச் சத்துப் போய்விடும். பூஞ்சணம் பிடித்த வாடை லேசாக வந்தாலும் தூக்கி எறியுங்கள். கினியாப் புல்லும் நல்லது. பச்சைப் புல் பழக்கமில்லாத குட்டிக்கு முதல் நாளே அள்ளிப் போடாதீர்கள், ஒரு பிடியில் ஆரம்பித்துக் கூட்டுங்கள், இல்லையென்றால் கழிச்சல்.

குதிரைமசால் என்ற தீவனப் பயிர் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குட்டிக்கும் சினைக்கும் சரி, ஆறு மாதத்துக்கு மேலான சாதாரண கினி பிக்குக்கு அதையே தினம் கொடுத்தால் சிறுநீர்ப் பையில் கல். வைக்கோலை மெல்லுவதற்குக் கொடுக்கலாம், சத்து இல்லை, நுனி கண்ணில் குத்தும். மாட்டுக்குப் போடுகிறோமே என்று இளஞ்சோளத் தட்டையை மட்டும் போட்டுவிடாதீர்கள். முளைவிட்ட பயிரிலும் வாடிய பயிரிலும் இருக்கும் விஷம் மாட்டையே சாய்க்கும், அரைக்கிலோ உயிர் எம்மாத்திரம்.

அரைக்கிலோ

என்னை ஏன் இழுக்கிறீர்கள் ஐயா.

மாடித்தோட்டம்

எல்லாம் சரி, ஆனால் "காத்திருங்கள், காத்திருங்கள்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் வந்த அன்றே மடியில் போட்டு, துண்டால் சுற்றி, அரைமணி நேரம் தடவிக்கொண்டே இருப்போம். அப்படியே அமைதியாகப் படுத்துவிடும். பழகியது. குழந்தை வேறு ஆசையாக வாங்கியிருக்கிறான், கண்ணாலேயே பார்த்துக்கொண்டிரு என்றால் எப்படி? சாயங்காலம் மொட்டை மாடியில் புல்தரை விரிப்பில் விட்டுவிடுங்கள், தானாகப் பயம் தெளியும்.

பழைய_கூண்டு

மாடித்தோட்டம், உங்கள் மடியில் படுத்தது அமைதி என்று எப்படித் தெரியும்? பருந்து தூக்கிய பிராணியும் அசையாமல்தான் இருக்கும். தடவும்போது உடம்பு கல் மாதிரி விறைத்து, கண் வெளுத்துப் பிதுங்கி, மூக்குகூட ஆடாமல் இருந்தால் அது பயம். உடம்பைத் தளரவிட்டு, பின்கால் ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு, இடையில் எதையாவது மென்றால்தான் நிம்மதி. முதுகுப் பக்கம் தடவும்போது "டர்" என்று சின்னதாக, வெட்டினாற்போல ஒரு சத்தம் வந்தால், போதும் கையை எடு என்று பொருள். அதை ஆனந்தம் என்று நினைத்து இன்னும் தடவுகிறவர்கள் நிறையப் பேர்.

மொட்டை மாடி ஆபத்து. காக்கை, பருந்து, பூனை, போதாததற்கு நம் வெயில். இதற்கு 18லிருந்து 24 டிகிரி வரை சுகம், 27, 28 தாண்டினாலே திணறல். வேர்வை கிடையாது, நாயைப் போல மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் தெரியாது. கோவைக் காற்றை நம்பி மே மாதத்தில் கூண்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். பாட்டிலில் தண்ணீர் உறையவைத்துத் துணி சுற்றி ஒரு ஓரமாகப் படுக்கவைத்தால் அதன் மேல் போய்ச் சாய்ந்துகொள்ளும். தரை ஓடு ஒன்றை வைத்தாலும் போதும். எச்சில் வழிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வேகமாக மூச்சு விட்டால் ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

மாடித்தோட்டம்

மாடியை விட்டுவிடுகிறேன், மடியை விடமாட்டேன். எடை போட வாரம் ஒருமுறை தூக்கச் சொன்னது நீங்கள்தானே? பழகாத பிராணியை எப்படித் தூக்குவது? கையே படாமல் வளர்த்தால் நோய் வந்த அன்று மருந்து கொடுக்க நாலு பேர் துரத்த வேண்டியிருக்கும்.

கால்நடை_நிலா

இதில் மாடித்தோட்டம் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன், கையாளப் பழகாத கினி பிக்கைப் பரிசோதிப்பது பெரும்பாடு. வழி நடுவில் இருக்கிறது. மேலிருந்து கையைக் கொண்டுபோய்ப் பிடிக்காதீர்கள். ஒரு அட்டைக் குழாயிலோ சின்னக் கூடையிலோ தானாக ஏறவிட்டு, கூடையோடு தூக்குங்கள். பிறகு ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் நெஞ்சோடு அணைத்து. பின்கால் அந்தரத்தில் தொங்கினால் உதறிக் குதிக்கும், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே கால் முறியும். உங்கள் பையனைத் தரையில் உட்காரவைத்துத்தான் கையில் கொடுக்க வேண்டும், நாற்காலியில் வேண்டாம். மடியில் வைத்தால் கொத்தமல்லியும் மடியிலேயே இருக்கட்டும். சில நிமிடம் போதும், நெளிய ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள்.

சூரிச்_சீலன்

நான் சுவிசில் இருக்கிறேன், எங்கட வீட்டிலும் மூன்று இருக்குது. இங்கே 2008 ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிப்படி கினி பிக்கைத் தனியாக வளர்க்கவே ஏலாது, குறைந்தது இரண்டு வேணும். அவ்வளவுக்குக் கூட்டமாக வாழுற பிராணி. தாரணி அக்கா சோடியாக வாங்கினது நல்ல விஷயம். ஒருவேளை ஆணும் பெண்ணும் என்று தெரிஞ்சு பிரிக்க வேண்டி வந்தால், வேற வேற அறையில் போட்டுவிடாதீர்கள். நடுவில் கம்பி வலை வைத்து, மணக்கவும் கதைக்கவும் விடுங்கோ. ஆணுக்கு விதை நீக்கினால் பிறகு ஒன்றாகவே விடலாம், ஆனால் ஆறு கிழமை (ஆறு வாரம்) பொறுக்க வேணும், அதுவரை பழைய சரக்கு உள்ளே இருக்கும்.

இடமும் பாருங்கோ. கடைக் கூண்டு இரண்டுக்கும் காணாது. இரண்டுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம் என்றால் ஓடும், துள்ளும். உயரம் தேவையில்லை, இது ஏறுற பிராணி இல்லை.

அரைக்கிலோ

துள்ளும் என்றதும் ஞாபகம் வந்தது. தாரணி, ஒருநாள் இரண்டில் ஒன்று நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்பி, காற்றில் உதறி, திசை மாறி விழும். வலிப்பு என்று ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். பாப்கார்னிங் என்பார்கள். சந்தோஷம், அவ்வளவுதான். (ஆனால் பக்கவாட்டில் விழுந்து துடித்தாலோ, சொறிந்து சொறிந்து துடித்தாலோ அது வேறு. சொறிப்பூச்சி முற்றினால் வலிப்பே வரும். இதை மட்டும் சீரியஸாகச் சொல்கிறேன்.)

தாரணி_கோவை

எல்லோருக்கும் சேர்த்து நிலவரம். மருத்துவரிடம் காட்டினோம். பழுப்பு ஆண். வெள்ளை பெண், வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சினை என்றார், மாதம் சரியாகச் சொல்ல முடியவில்லை. எடை 740 ஆகியிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது, மகனுக்குத் தலைகால் புரியவில்லை.

நல்லதும் உண்டு. பெட்டி வைத்த பிறகு பகலிலேயே தலை நீட்டுகின்றன. அருகம்புல்லைக் கையில் நீட்டினால் வெள்ளை வந்து நுனியைப் பிடித்து, மெஷினில் காகிதம் உள்ளே போவது மாதிரி இழுத்துக்கொள்கிறது. நேற்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் "வீக், வீக்" என்று இரண்டும் சேர்ந்து ஒரு கூப்பாடு. பக்கத்து வீட்டம்மா என்ன பறவை வாங்கினீர்கள் என்று கேட்டார். குக்கர் விசிலுக்கு இன்னும் உறைகின்றன, ஆனால் சீக்கிரம் தெளிகின்றன.

இப்போது என்ன செய்வது? உடனே பிரிக்க வேண்டுமா? பிரசவத்துக்கு என்ன தயார் செய்வது?

கால்நடை_நிலா

பிரிக்கத்தான் வேண்டும், குட்டி போடுவதற்கு முன்பே. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி சூட்டுக்கு வரும், ஆண் கூட இருந்தால் கையோடு அடுத்த சினை. அடுத்தடுத்து வந்தால் உடம்பு தாங்காது. இந்த வயதில் முதல் சினை என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஏழெட்டு மாதம் தாண்டி முதல்முறை சினையானால் இடுப்பெலும்பு இறுகிவிட்டிருக்கும், குட்டி வெளியே வர வழி விடாது.

சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் முடியோடு, கண் திறந்து, பல்லோடு பிறக்கும், சில மணி நேரத்தில் ஓடும், ஓரிரு நாளில் புல் கடிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. குடைமிளகாயைக் கூட்டுங்கள், குதிரைமசால் கொஞ்சம் சேர்க்கலாம், எடை பார்க்கும்போது கூடையோடு தூக்குங்கள், வயிற்றை அமுக்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கடைசி வாரங்களில் அது சாப்பிடாமல் சோர்ந்தால் நாளை பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல் அன்றே வாருங்கள். அரைமணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றாலும் அப்படியே.

தாரணி_கோவை

நடுவில் வலை போட்டுவிட்டேன். பழுப்பு வலைக்கு இந்தப் பக்கம் நின்று இன்னும் உறுமுகிறது, வெள்ளை கண்டுகொள்வதில்லை. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இப்போதே குட்டி கேட்டுவிட்டார்கள். எப்போது கொடுக்கலாம்?

பழைய_கூண்டு

மூன்று வாரம் தாயிடம் குடிக்கட்டும். அந்த மூன்று வாரம் முடிகிற நாளில் ஆண் குட்டிகளை எடுத்து அப்பனோடு விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தாயையும் தங்கைகளையும் விட்டு வைக்காது. ஆணா பெண்ணா என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்த பிறகு கொடுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒற்றையாகக் கொடுக்காதீர்கள், ஒரே பாலினத்தில் இரண்டாகக் கொடுங்கள். முயல் கூண்டில் சேர்த்து விடுகிறேன் என்று சொல்கிறவருக்கு வேண்டவே வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் இருக்கும் கிருமி இதற்கு நிமோனியா கொடுக்கும், உதையும் பலமாக இருக்கும்.

அரைக்கிலோ

கோவையில்தான் நானும் இருக்கிறேன். பெண் குட்டி இரண்டு மிஞ்சினால் சொல்லுங்கள், நாலுக்கு ரெண்டடி காலியாக இருக்கிறது.

தாரணி_கோவை

முதலில் உங்கள் வீட்டு வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.